பழுத்த பழத்தை மட்டும் பறிக்கச் சொல்வது எப்படி? வேலையிடத்தில் சேர்ந்து மாற்றம் செய்வது பற்றி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



நேயர்களிடமிருந்து அடிக்கடி வருகிற ஒரு கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கறேன். ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும், விஷயம் ஒண்ணுதான். "எங்க ஆபீஸ்ல ஒரு புது முறை கொண்டுவந்தோம். மீட்டிங்ல எல்லாரும் சரின்னு தலையாட்டினாங்க. ஒரு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. ஏன்?"

இதற்குப் பதிலை ஐடி கம்பெனியிலிருந்தோ வங்கியிலிருந்தோ சொல்லலாம். நான் சேர்வராயன் மலையிலிருந்து, காபித் தோட்டத்திலிருந்து சொல்லப் போகிறேன். ஏற்காட்டைச் சுற்றியுள்ள சில எஸ்டேட்களுக்கு வேலைமுறை ஆலோசனைக்காகப் போய்வருகிறவன் நான். காபிப் பழம் பறிக்கிற வேலையில் இந்தக் கேள்விக்கான பதில் பளிச்சென்று தெரியும்.

பிரச்சினை என்ன?

ஏற்காட்டுக்குக் காபி வந்து 200 வருஷம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தது. இங்கே பெரும்பாலும் அரபிகா. சில்வர் ஓக் நிழலில் வளரும், மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரைக்கும் பழ சீசன்.

காபிச் செடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே கிளையில் சிவந்த பழம், மஞ்சளாகத் திரும்புகிற காய், முழுப் பச்சைக் காய் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நல்ல காபி வேண்டுமென்றால் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்கணும். மீதி பழுத்த பிறகு திரும்ப வரணும். ஒரே செடிக்கு மூன்று நான்கு சுற்றுகூட வரவேண்டியிருக்கும். பச்சைக் காய் கலந்துவிட்டால் பல்பரில் தோல் சரியாக உரியாது, கொட்டை அடிபடும். குடிக்கும்போது துவர்க்கும், பச்சை வாடை வரும்.

முன்னெல்லாம் இதைப் பற்றி எஸ்டேட்காரர்கள் அவ்வளவாக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 1942 காபிச் சட்டத்தின்கீழ் விளைந்த காபி காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போகும். வாரியம் விற்கும். பணம் தவணை தவணையாக வரும். வாங்குகிறவர் யாரென்று விளைவிக்கிறவருக்குத் தெரியாது. 1990-களில் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் விவசாயி தன் காபியைத் தானே விற்கலாம் என்ற நிலை வந்தது. அதன்பிறகுதான், "பழுத்த பழம் மட்டும் கொடுத்தால் கூடுதல் விலை தர்றேன்" என்று வாங்குகிறவர் நேரடியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

சரி, வாங்குகிறவர் முதலாளியிடம் சொல்லியாச்சு. முதலாளி மேனேஜரிடம், மேனேஜர் ரைட்டரிடம், ரைட்டர் மேஸ்திரியிடம், மேஸ்திரி பறிக்கிற பெண்களிடம் சொல்லியாச்சு. "நாளையிலிருந்து சிவப்பு மட்டும்." நடக்குமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் கூலி முறை மாறும். இது ஒரு பேச்சுக்குச் சொல்கிற கணக்கு. கிலோவுக்கு 6 ரூபாய். கைக்கு வந்ததையெல்லாம் உருவிப் போட்டால் ஒரு அக்கா ஒரு நாளில் 60 கிலோ பறிப்பார் என்று வையுங்கள், 360 ரூபாய். சிவப்பை மட்டும் பொறுக்கினால் 40 கிலோதான் வரும், 240 ரூபாய். அதாவது "தரத்தை உயர்த்துவோம்" என்று நோட்டீஸ் போர்டில் எழுதுகிற நாளில் அந்த அக்கா வீட்டுக்கு 120 ரூபாய் குறைகிறது. கூடுதல் விலை முதலாளிக்கு, குறைந்த எடை பறிக்கிறவருக்கு.

இந்த நிலையில் அவர் பச்சைக் காயை மூட்டைக்கு அடியில் போட்டு, சிவப்பை மேலே பரப்பினால் அதற்குச் சோம்பேறித்தனம் என்றோ, மாற்றத்தை எதிர்க்கிற மனப்பான்மை என்றோ பேர் வைக்க முடியுமா? அவர் சரியாகக் கணக்குப் போடுகிறார். அவ்வளவுதான்.

நம்ம அலுவலகங்களிலும் இதுதான் நடக்கிறது. மீட்டிங்கில் தலையாட்டினவர் சீட்டுக்குப் போய் தன் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்.

பைஜாமா தொழிற்சாலையில் பார்த்தது

இந்த விஷயத்தை ஒருமுறை முறையாக ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், மரியன் என்ற ஊர், ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. தொழிலாளர்கள் பெரும்பாலும் பெண்கள், பீஸ் ரேட் கூலி. டிசைன் மாறும்போதெல்லாம் வேலை மாறும், கை பழகும்வரை உற்பத்தி குறையும், வருமானம் விழும், ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். நம்ம பழம் பறிக்கிற கதையேதான்.

லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே ஒரு சோதனை செய்து 1948-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம், "இனிமேல் இப்படி, கூலி விகிதம் இது" என்று விளக்கிச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவில் சில பிரதிநிதிகளை மட்டும் திட்டமிட அழைத்தார்கள். மற்ற இரண்டு சின்னக் குழுக்களில் எல்லோருமே உட்கார்ந்து புதிய முறையை வகுத்தார்கள்.

அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். பிரதிநிதிகள் மூலம் கலந்துகொண்ட குழு கொஞ்ச நாளில் பழைய அளவைத் தொட்டது. எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் அதைவிட வேகமாக மீண்டு, பழைய அளவைவிட சுமார் 14 சதவீதம் மேலே போயின.

இதைக் கேட்டதும், "அப்போ ஒரு மீட்டிங் போட்டால் போதும்" என்று முடிவுக்கு வரக் கூடாது. பின்னால் நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே மாதிரி செய்து பார்த்தபோது பெரிய பலன் வரவில்லை. அங்கே தொழிலாளர்களைக் கேட்டது அவ்வளவு முக்கியமில்லாத விஷயங்களில். கூலியையும் வேலை அளவையும் பாதிக்கிற இடத்தில் பேச்சுரிமை இல்லையென்றால், மற்ற இடங்களில் கேட்கிற அபிப்பிராயத்துக்கு மதிப்பு கம்மி. மக்களுக்கு அது தெரியும்.

களத்தில் உட்கார்ந்தபோது

இப்போ மலைக்குத் திரும்புவோம். ஒரு எஸ்டேட், பெயர் வேண்டாம். சிவப்புப் பழம் மட்டும் என்று உத்தரவு போட்டு, பச்சை அதிகமிருந்தால் எடைக்கான ஊக்கத்தொகை கிடையாது என்றும் சொல்லியிருந்தார்கள். சில பெண்கள் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். மலையில் இப்போ ஆள் கிடைப்பதே கஷ்டம். இளவட்டங்கள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் போகிறார்கள். பழம் செடியிலேயே நின்றால் கறுத்து உதிரும், உதிர்ந்த பழத்தில் காய்த்துளைப்பான் பூச்சி பெருகும், அடுத்த வருஷப் பயிருக்கும் ஆபத்து. ஆக, இரண்டு பக்கமும் நஷ்டம்.

அந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் எடை போட்ட பிறகு காபி காயப்போடுகிற களத்தில் எல்லோரையும் உட்காரச் சொன்னோம். முதல் நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம் எளிது. பின்னால் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு எந்த வரிசையில் யாரை விடுவது என்று முடிவு செய்கிறவர் அவர். நல்ல காய்ப்புள்ள வரிசை கிடைப்பதும் மொட்டை வரிசை கிடைப்பதும் அவர் கையில். அவர் முன்னால் யார் பேசுவார்?

இரண்டாவது முறை ஐந்து ஐந்து பேராக, மேஸ்திரி இல்லாமல் பேசினோம். ஒரு வயதான அம்மா கேட்டார்: "சிவப்பு மட்டும் எடுக்கிறோம் சார். மிச்சத்துக்கு மறுபடி ஏறி வரணும்ல? அந்த நாள் காய்ப்பு கம்மியா இருக்கும். அன்னிக்கு கூலிக்கு என்ன வழி?"

இந்தக் கேள்வி முதலாளியின் திட்டத்தில் எங்கேயும் இல்லை. சுற்று அதிகமானால் ஒவ்வொரு சுற்றிலும் எடை குறையும், நடை கூடும். அது அவர்கள் காலுக்குத் தெரியும்.

அதன்பிறகு பேச்சு வந்தது. எடை போடுகிற இடம் ஒன்றே ஒன்று, கீழே. மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வரிசையில் நின்று, திரும்ப ஏறுவதிலேயே நேரம் போகிறது என்றார்கள். வெயில் படுகிற சரிவு முதலில் பழுக்கும், ஓடைப் பக்கம் நிழலில் இருப்பது கடைசியில்தான் பழுக்கும், ஆனால் வேலை ஒதுக்குவது பிளாக் நம்பர் வரிசைப்படி என்றார்கள். இது மேனேஜருக்கே புதுசாக இருந்தது. பல வருஷம் அந்தச் சரிவில் நடந்தவர்களை ஒருத்தரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

மூன்று நான்கு சாயங்காலம் பேசி எடுத்த முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, சோதனைக் காலத்தில் யாருக்கும் கூலி குறையாது. போன சீசனில் அவரவர் வாங்கின சராசரி உறுதி.

இரண்டு, மேலே இன்னொரு தராசு.

மூன்று, எந்தச் சரிவு எப்போது பழுக்கும் என்று பறிக்கிறவர்களே சொல்லி, அதன்படி சுற்று வரிசை.

நான்கு, தரம் பார்ப்பது ரைட்டர் மட்டும் இல்லை. பறிக்கிறவர்களில் முறை வைத்து ஒருவர் கூட இருப்பார். மூட்டைக்குள் கைவிட்டு 100 பழம் எடுத்து, சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று எல்லோர் முன்னாலும் எண்ணுவது.

ஐந்து, கூடுதல் விலையில் பறிக்கிறவர் பங்கு கிலோவுக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதிவைப்பது.

இதில் மேனேஜர் ஒன்றை விட்டுக்கொடுத்தார், தன் இஷ்டப்படி ஊக்கத்தொகையை வெட்டுகிற அதிகாரத்தை. அதை விடாமல் மற்ற நான்கையும் செய்திருந்தால் நம்பிக்கை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொருத்தரையும் நாம் மறக்கக் கூடாது. மேஸ்திரி தனியாக வந்து கேட்டார்: "வரிசையும் அவங்க முடிவு, தரமும் அவங்க பார்க்கிறாங்க. அப்ப எனக்கு என்ன சார் வேலை?" நியாயமான கேள்வி. எந்த மாற்றத்திலும் நடுவில் இருக்கிறவர்தான் அதிகம் இழக்கிறார், அவரிடம்தான் கடைசியாகப் பேசுகிறோம். அவரோடு தனியாக உட்கார்ந்தோம். சுற்றுக்கான நாட்காட்டியும், மழை வந்தால் திட்டத்தை மாற்றுகிற பொறுப்பும் அவருக்கு வந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது.

மழை வந்தது. வடகிழக்குப் பருவமழையில் பழம் வெடித்து உதிரும், அப்போ சிவப்பு மட்டும் என்று நிற்க முடியாது. மழை இரண்டு நாள் தாண்டினால் எல்லாவற்றையும் எடுத்து, தனியாகக் காயவைத்து செர்ரியாக விற்பது என்று அவர்களே ஒரு விதி சேர்த்தார்கள். அந்த சீசனில் பச்சை நன்றாகக் குறைந்தது. அப்படியும் இரண்டு பேர் திருப்பூர் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டைக்கு அடியில் பச்சையை ஒளிக்கிற பழக்கம் நின்றது. ஒளிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதுதான் காரணம்.

அரசாங்கத்தில் முடியுமா? கூடம் சொன்ன பாடம்

"சின்ன எஸ்டேட், நடக்கும். பெரிய அரசு அலுவலகத்தில் முடியுமா?" என்று கேட்பீர்கள். நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், 1971-ல் தொடங்கியது. பொறியாளர்கள் நிறைந்த அமைப்பு, மேலிருந்து கீழே உத்தரவு போகிற அமைப்பு. 2000-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. போர்வெல் வற்றுகிறது, போட்ட திட்டங்கள் நிற்கின்றன, மறுபடி புதுத் திட்டம், மறுபடி ஆழமான போர்வெல்.

2004 வாக்கில் வாரியத்துக்குள்ளேயே ஒரு மாற்ற முயற்சி ஆரம்பித்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முறைக்குப் பெயர் "கூடம்". நம்ம வீட்டுக் கூடம்தான், எல்லோரும் வந்து உட்காருகிற இடம். உயரதிகாரி, இளநிலைப் பொறியாளர் என்ற வித்தியாசம் இல்லாமல் வட்டமாக உட்காருவது. யாரும் பேசலாம், பதவியைக் காட்டி வாயை அடைக்கக் கூடாது, கருத்து ஒத்துவரும்வரை பேசி முடிவெடுப்பது. அந்தப் பேச்சுகளிலிருந்து மறைமலைநகர் பிரகடனம் என்ற உறுதிமொழி பிறந்தது. பொறியாளர்கள் தங்கள் வேலையை எப்படி மாற்றிக்கொள்வோம் என்று தாங்களே எழுதிக்கொண்டது.

பிறகு 145 கிராம ஊராட்சிகளில் முன்னோடியாகச் செய்து பார்த்தார்கள். அங்கே போய், "என்ன திட்டம் வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னால், இருக்கிற கிணறு என்ன, இருக்கிற பம்பு என்ன, எதைப் பழுது பார்க்கலாம் என்று ஊர் மக்களோடு உட்கார்ந்து பார்ப்பது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. பொறியாளர்கள் முதலில் தங்களுக்குள் கூடத்தில் உட்கார்ந்தார்கள், அப்புறம்தான் ஊருக்குப் போனார்கள். தன் மேலதிகாரியிடம் வாய் திறந்து பேசிப் பழகாத ஒருவர், ஊர் மக்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

மூணாறு தருகிற எச்சரிக்கை

இன்னொரு உதாரணம், கொஞ்சம் கசப்பானது. 2005-ல் டாடா டீ மூணாறு தேயிலைத் தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புது கம்பெனி வந்தது. 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு அவர்கள் பேரில். தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தொழிலாளர் பங்கேற்புக்கு நல்ல உதாரணம் என்று பலரும் பாராட்டினார்கள்.

2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. அதே கம்பெனியில் கொழுந்து பறிக்கிற பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி மேல் மட்டும் கோபம் இல்லை, தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன தொழிற்சங்கத் தலைவர்கள் மேலும் கோபம். அந்தத் தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 20 சதவீதம் கிடைத்தது. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் "பெம்பிளை ஒருமை" என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இதிலிருந்து என்ன புரிகிறது? பங்குப் பத்திரம் கையில் இருப்பதும், முடிவெடுக்கிற இடத்தில் குரல் இருப்பதும் ஒன்றல்ல. பிரதிநிதி ஒருவர் மேஜையில் இருக்கிறார் என்பதாலேயே, வேலை செய்கிறவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தமாகாது. காகிதத்தில் பங்கேற்பு, தோட்டத்தில் உத்தரவு என்று இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அது சாலைக்கு வரும்.

நாளைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

மாற்றம் கொண்டுவரப் போகிறவர் நீங்கள் என்றால், இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன குறையும்? பணம், நேரம், மரியாதை, அதிகாரம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். "யாருக்கும் எதுவும் குறையாது" என்று பதில் வந்தால் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

யார் முன்னால் யார் பேச மாட்டார்கள்? அதைத் தெரிந்துகொண்டு குழுவைப் பிரியுங்கள்.

எதில் முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு, எதில் இன்னும் இடமிருக்கு? இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிவப்புப் பழம் வேண்டும் என்பது வாங்குகிறவர் நிபந்தனை, அதில் பேச இடமில்லை. எப்படி, எந்த வரிசையில், என்ன கூலியில் என்பதில் இடமிருந்தது. இரண்டையும் குழப்பி, எல்லாமே உங்கள் முடிவுதான் என்று நாடகம் போட்டால் ஜனங்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள்? உங்களிடமிருந்து ஒன்றும் போகாத மாற்றத்தை மற்றவர்கள் நம்புவது கஷ்டம்.

கடைசியாக, தோல்வியடைந்தால் யார் செலவு? சோதனைக் காலத்தின் நஷ்டத்தை நிர்வாகம் ஏற்கணும். அன்றாடக் கூலிக்காரரின் பையிலிருந்து பரிசோதனை நடத்தக் கூடாது.

இதற்கெல்லாம் நேரம் ஆகுமே என்பீர்கள். ஆகும். நான்கு சாயங்காலம் ஆச்சு. உத்தரவுக்கு நான்கு நிமிஷம் போதும். ஆனால் அந்த உத்தரவைக் காப்பாற்ற சீசன் முழுக்க மூட்டைக்கு மூட்டை காவல் நிற்கணும்.

அடுத்த எபிசோடில் மேஸ்திரி கேட்ட கேள்வியையே எடுத்துக்கலாம் என்று இருக்கிறேன், வேலையிடத்தில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி. உங்களில் சூப்பர்வைசர், டீம் லீடர், தலைமை ஆசிரியர் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். பேர் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.